சுண்ணாம்பு வெளிறல்

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வளரும் செடிகளுக்கு இரும்புச் சத்து எட்டாமல் போவதால் வரும் குறைபாடு. இளந்தளிர்களில்தான் முதலில் தெரியும். நரம்புகள் பச்சையாகவே நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். முற்றினால் இலை முழுவதும் வெளுத்து ஓரம் கருகும். மண்ணில் இரும்பு இல்லாததால் இது வருவதில்லை. புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்புதான். ஆனால் மண்ணின் கார அமில நிலை ஓர் அலகு உயரும்போது நீரில் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. போதாததற்கு, மண்நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், இரும்பைக் கரைப்பதற்காக வேர் கசியவிடும் அமிலத்தையும் உடனுக்குடன் முறித்துவிடுகிறது.

பிரான்சில் யூசெப் கிரி 1843இல், வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசல் கொடுத்தால் பச்சை திரும்புவதைக் காட்டினார். அவர் மகன் ஆர்தர் கிரி 1857இல் அந்த மாற்றத்தை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தார்.

இந்நோய் பெரும் பொருளாதாரச் சிக்கலானது ஃபில்லாக்சராவுக்குப் பிறகுதான். வேரின் சாற்றை உறிஞ்சிக் கொடியைச் சாகடிக்கும் இந்தப் பூச்சி 1860களில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் பரவியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே நிலையான தீர்வானது. கோன்யாக் பிராந்திக்குப் பெயர்பெற்ற ஷாரான்த் பகுதியில் இந்தத் தீர்வே புதிய நோயைக் கொண்டுவந்தது. அங்குள்ள வெண்சுண்ண மண்ணில் ஐரோப்பியத் திராட்சை தன் சொந்த வேரில் நூற்றாண்டுகளாகப் பச்சையாக நின்றிருந்தது. ரிப்பாரியா, ரூபெஸ்ட்ரிஸ் என்னும் அமெரிக்க இனங்களின் வேர்களில் ஏறியதும் மஞ்சளாகிப் பட்டுப்போனது.

பிரெஞ்சு அரசு 1887இல் திராட்சை அறிஞர் பியேர் வியாலாவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பு மண்ணில் தானாக வளரும் திராட்சையைத் தேடுவது அவர் பணி. டெக்சஸின் டெனிசன் நகரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த டி. வி. மன்சன், அம்மாநிலத்துக் காட்டுத் திராட்சைகளை ஊர் ஊராக அலைந்து சேகரித்து அறிந்தவர். அவர் துணையோடு, சுண்ணாம்புக் குன்றுகளில் படர்ந்திருந்த விட்டிஸ் பெர்லாண்டியேரி வியாலாவின் கவனத்துக்கு வந்தது. மறு ஆண்டே பிரான்ஸ் மன்சனுக்கு வேளாண் விருது அளித்துச் சிறப்பித்தது. கோன்யாக் நகரைக் காத்தவர் மன்சனே என்பது டெக்சஸில் வழங்கும் கருத்து. பிரெஞ்சு நூல்கள் இதை முழுதாக ஏற்பதில்லை; பிரெஞ்சு ஆய்வாளர்கள் மில்லார்டேயும் தெ கிராசேயும் ஷாஸ்லா என்னும் ஐரோப்பியத் திராட்சையையும் பெர்லாண்டியேரியையும் கலந்து 41பி என்னும் வேர்ச்செடியை உருவாக்கத் தொடங்கியது 1882இலேயே. பெர்லாண்டியேரியின் குச்சியை நட்டால் எளிதில் வேர்விடாது என்பதால் எப்படியும் கலப்பினங்களே தேவைப்பட்டன. இன்றும் ஷாம்பெயின் தோட்டங்களில் 41பி வேரூன்றியிருக்கிறது.

மொத்தச் சுண்ணாம்பைவிட அதன் நுண்மையே முக்கியம் என்பதும் பின்னர் தெளிவானது. கல்லாகக் கிடக்கும் சுண்ணாம்பு அதிகம் கெடுப்பதில்லை. மாவாகக் கிடப்பது கரைந்து பைகார்பனேட்டைப் பெருக்கும். இந்த நுண்பகுதியை அளக்க 1942இல் துரூயினோ ஒரு முறை வகுத்தார். திராட்சை அறிஞர் கலேயின் பட்டியல்படி இந்த நுண்சுண்ணாம்பை ரிப்பாரியா குளுவார் வேர்ச்செடி 6 விழுக்காடு வரையும், 41பி 40 விழுக்காடு வரையும் தாங்கும்.

1950களில், இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் கீலேட் உரங்கள் வந்தன. இ.டி.டி.ஏ. சேர்ந்த இரும்பு ஃபுளோரிடாவின் அமில மண்ணில் பலித்தது; சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் இரும்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே நிலைத்தது இ.டி.டி.ஹெச்.ஏ. சேர்ந்த இரும்பு. தமிழகத்தின் சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலங்களில் நிலக்கடலையும் கரும்பும் வெளிறும்போது அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை இலையில் தெளிக்கிறார்கள். மண்ணில் இட்டால் அது விரைவில் துருவாகிப் பயனற்றுப்போகும்.

வெளிறிய இலையில் பச்சை இலைக்கு நிகரான இரும்பு சிலசமயம் இருப்பது நெடுங்காலப் புதிர். இலைக்குள் வந்த இரும்பு உயிரணுக்களுக்கு வெளியே முடங்குகிறது என்று ஆய்வாளர் மெங்கல் விளக்கினார். இலை வளராமல் சிறுத்துப்போவதால் எடைக் கணக்கில் இரும்பு கூடித் தெரிகிறது என்போரும் உண்டு.

மற்றச் செடிகள் வேரில் அமிலம் கசியவிட்டு இரும்பைக் கரைக்க, புல்லினங்கள் வேறு வழியில் செல்கின்றன. ஓட்ஸ், நெல் வேர்கள் இரும்பைப் பிடிக்கும் சேர்மத்தைத் தாமே கசியவிடுவதை ஜப்பானின் தகாகி 1976இல் வெளியிட்டார். ஆய்வாளர்கள் மார்ஷ்னரும் ரோம்ஹெல்டும் 1986இல் இவ்விரு வழிகளையும் வகைப்படுத்தினர். இரும்பை உள்ளிழுக்கும் ஐ.ஆர்.டி.1 மரபணு 1996இல் கண்டறியப்பட்டது.