கொம்புமுறியும் ஊர்ப்பேச்சும்

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனொடு பொருது வென்ற செய்தியைப் புறநானூறு கூறும். மற்போரின் பிடியையும் வீழ்ச்சியையும் பாடினவர் சாத்தந்தையார். அக்கிள்ளியையே பாடிய நக்கண்ணையாரோ 85ஆம் பாட்டிலே களத்தை விட்டுப் பார்த்திருந்தோர் வாயை நோக்குகின்றார். அவனுக்கு ஊரும் இஃதன்று, நாடும் இஃதன்று. ஆதலின் வென்றான் என்பர் ஒருசாரார். வென்றிலன் என்பர் மற்றொருசாரார். அம்மையார் இருவரையும் நம்பாது, சிலம்பு ஒலிக்க ஓடிப் பனையொன்றன் அருகே நின்று தம் கண்ணாலேயே வெற்றியைக் கண்டுகொள்கின்றார். விளையாட்டைப் பற்றிய பேச்சிலே விளையாட்டு மாத்திரம் இருப்பதில்லை என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை. உள்ளூரான், அயலூரான் என்னும் எண்ணமே அங்குக் கண்ணுக்கு முன்னே சென்று தீர்ப்புரைக்கின்றது. முல்லைக்கலியில் ஏறு தழுவுவாரைப் பரண்மீதிருந்து பார்க்கும் மகளிரின் உரையாடலும் இவ்வகையினதே. எந்தக் காளை எவனைச் சாய்த்தது என்பதோடு, எவள் எவனை மணப்பாள் என்னும் ஊர்ச்செய்தியும் ஒரே மூச்சிற் பேசப்படுகின்றது.

இத்தகைய பேச்சுக்கு வரலாற்றிலே இடம் அரிது. அரசன் கட்டிய குளம் கல்வெட்டிலே நிற்கும். குளக்கட்டிலிருந்து பேசியவன் சொல் காற்றோடு போம். எனினும் மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பேச்சையே பாதி உடம்பாகக் கொண்ட விளையாட்டொன்று நெடுங்காலம் வழங்கிற்று. அதுவே கொம்புமுறி.

விளையாட்டின் அமைப்பு எளியது. வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவிப் பிணித்து, வடம் பூட்டி, இருசாராரும் எதிரெதிரே இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். ஒரு சாரார் வடசேரி, மற்றவர் தென்சேரி. வடசேரி கோவலன் பக்கம் என்றும், தென்சேரி கண்ணகி பக்கம் என்றும் கூறுப. கணவனும் மனைவியும் பூக்கொய்யச் சென்ற காலத்து அவர்தம் கொக்கத்தடிகள் ஒன்றிலொன்று சிக்கின என்பதும், இருவரும் இழுத்துப் பார்த்த அவ்விளையாட்டே பின்னோர் ஆட்டமாயிற்று என்பதும் கதை. சிலப்பதிகாரத்திலே இக்கதை இல்லை. இளங்கோவடிகள் கயவாகு மன்னனைக் குறித்தாராயினும், கோவலனும் கண்ணகியும் கொக்கத்தடி பிடித்து இழுபறிப்பட்டதை அறியார். காவியம் பிரித்து வைத்த கணவன் மனைவியரை ஊர்மக்கள் ஒரு சிறு ஊடலிலே மீண்டும் சேர்த்து வைத்தனர் போலும். சிங்களவர் இதனை அங்கெளிய என வழங்குவர். அவர்களிடத்தும் ஒரு பக்கம் பத்தினித் தெய்வத்துக்கும், மற்றது அவள் கணவன் பாலங்கனுக்கும் உரியது.

வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும். கதவு திறத்தல் முதல் குளிர்த்தி ஈறாக அச்சடங்கு நடைபெறும். வழக்குரை காவியம் படிக்கப்பெறும். கச்சான் காற்று வீசி நிலம் வறண்டு, அம்மை முதலிய நோய்கள் அஞ்சப்படும் காலம் அது. மழை வேண்டியும் நோய் நீங்கவேண்டியும் கொம்பு முறித்தனர். ஆயின் தெய்வத்தை வேண்டி ஆடும் ஆட்டத்திலே ஒருவரையொருவர் வாயார வைவது எற்றுக்கு? அவ்வசை ஆட்டத்தின் அழுக்கன்று, அதன் தொழில் என்பதே எம் கருத்து.

எவர் எச்சேரி என்பது எங்ஙனம் அமைந்தது என்பதை முதலிலே நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பிலே குடி தாய்வழியது. கோயிலில் எவருக்கு என்ன வரிசை, வண்ணக்கராக எவர் வருவார் என்பனவெல்லாம் குடிமுறையால் வரும். வீடும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்லும். மணந்தவன் மனைவி வீட்டிற் புகுவான். கொம்புச் சேரியோ ஊர்வழக்கிலே தந்தைவழியது. இதன் பயன் யாது? ஒரே குடியில் உள்ளோர் இருசேரியிலும் பிரிந்து நிற்பர். கோயில் வரிசைக்காக ஓராண்டு முழுதும் தோளோடு தோள் நின்றவர், வைகாசியிலே வடத்தின் இருதலையிலும் நிற்பர். கணவனும் மனைவியும் எதிர்ச்சேரியினராய் அமைந்து, கொம்பு முறிந்து தீருமளவும் முகங்கொடாதிருந்தமை முதியோர் வாய்ச்செய்தி. மாமியார் வீட்டிலே வாழும் தென்சேரியான் ஒருவன், அவ்வீட்டார் அனைவரும் வடசேரியாராயின், சோறுண்ணும்போதும் தன் கட்சியின் குறைகளைக் கேட்டே உண்ணுதல் வேண்டும். மச்சான்மார் கேலிக்கு ஏற்கெனவே உரிமை பெற்றவர்கள். கொம்புக் காலத்திலே அவ்வுரிமைக்கு எல்லையில்லை.

கொம்பு ஒரு நாளிலே முறிந்துவிடும் ஆட்டமுமன்று. மரந் தேடுதல், கொம்பு சீவுதல், எதிர்ச்சேரியார் கொம்பின் உறுதியை ஒற்றறிதல், இழுக்குமுன் இரண்டும் ஒத்த பருமனவா என வழக்கிடுதல் எனப் பல நாள்கள் கழியும். வட்டவிதானை எந்த வாய்க்காலுக்கு முந்தி நீர்விட்டான், எந்தப் போடியார் களத்திலே கூலிநெல் குறைத்து அளந்தார், எவர் வீட்டுக் கல்யாணம் எதனால் நின்றது என்பன ஏனைய திங்களிலே வேலியோரத்திற் கிசுகிசுக்கப்படுவன. கொம்புக் காலத்திலே அவற்றைப் பாட்டாகவே வெளியிட இயலும். பாடுகின்றவன் தனியொருவனாய்ப் பாடுவதில்லை, சேரியாய்ப் பாடுகின்றான். ஏச்சுண்டவனும் அம்மனுக்குரிய ஆட்டத்திலே சினந்தெழுதல் ஆகாது. ஊர்த்தலைவர்மேல் வழக்குத் தொடுக்க வலியற்ற ஏழைக்கு இதனிலும் அணுக்கமான மன்றம் வேறிருந்திருக்க முடியாது. குளிர்த்தியோடு அம்மன் சினம் தணியும் என்பது நம்பிக்கை. ஊரின் சினமும் அன்றே தணியவேண்டுமென்பது அதனுள் அடங்கிய ஏற்பாடு எனக் கொள்ளல் தகும்.

இவ்வசையின் வன்மையை அயலார் ஒருவரும் கேட்டுள்ளார். 1660இலே கொட்டியாரக் கரையிற் பிடிபட்டு, 1679 வரை கண்டியரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, பத்தினித் தெய்வத்தின் பொருட்டு வளைந்த கோல்கள் இரண்டைக் கொளுவி இழுக்கும் இவ்வாட்டத்தை விளக்குகின்றார். வென்றவர்கள் ஆடிப்பாடிக் கூறும் சொற்கள் மிக இழிந்தனவாதலின் அவற்றை எழுதாது விடுவதாகவும் கூறிச் செல்கின்றார். நெல்லின் வகையையும் யானை பிடிக்கும் முறையையும் விரித்தெழுதியவர், வரலாற்றாசிரியன் இன்று பெரிதும் வேண்டி நிற்கும் அப்பகுதியிலே எழுதுகோலை வைத்துவிட்டார்! அவரைக் குறைகூறிப் பயனில்லை. நம்மவர் ஏட்டிலேற்றி அச்சிட்டுக் காத்தவற்றிலும் தெய்வத்துதிக்கே பெரும்பங்கு. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார்; வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தையும், 1968இற் கண்ணகி வழக்குரையையும் வெளியிட்டார். இவர்கள் செய்த தொண்டு இல்லையேல் நமக்கு எதுவுமே எஞ்சியிராது. எனினும் ஓராண்டில் ஒரூரிலே ஒருவனைச் சுட்டிப் பாடிய வசை, அடுத்த வைகாசிக்குள் பொருளிழந்து போவது. அதனை ஏட்டிலெழுதி வைப்பார் யாவர்? சிங்கள ஊர்களின் பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இற் பெருநூல் எழுதிய கணநாத் ஒபயசேகர, அங்கெளியவின் இழிசொற்களை நாணாது ஆராய்ந்தார். தமிழ்ப்பக்கத்து வசைக்கு அத்தகைய ஆராய்ச்சி பெரும்பாலும் வாய்க்கவில்லை.

கட்சி பிரிந்து பார்ப்போர் ஆட்டத்தோடு நாட்டுநடப்பையும் பேசுவர் என்பது உலகெங்கும் காணப்படுவதே. கொன்ஸ்தாந்திநோப்பிளிலே தேரோட்டம் பார்த்தவர்கள் நீலர், பச்சையர் என இரு கட்சியினர். அரங்கிலே பேரரசனும் அமர்ந்திருப்பானாதலின், வரிக்கொடுமையையும் அதிகாரிகளின் முறைகேட்டையும் அவன் செவிப்படக் கூவுவதற்கு அவர்களுக்கு அதுவே வாய்ப்பாயிருந்தது. 532ஆம் ஆண்டு சனவரியிலே இருகட்சியும் ஒன்றுபட்டு யுஸ்தினியன்மீது எழுந்தன. தேரோட்டியை நோக்கி வெல்க என்று கூவும் நிக்கா என்னும் சொல்லே அக்கலகத்துக்குப் பெயராயிற்று. முப்பதினாயிரவர் மாண்டனர் என்பர் புரொக்கோப்பியஸ். நமக்கு அணித்தான காலத்திலே அயர்லாந்து மக்களைக் காண்க. 1884இல் தேர்ள்ஸ் நகரிலே தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகம் ஆங்கிலேயர் ஆட்டங்களை ஆடுவோரையும் விலக்கி வைத்தது. அவ்விதி 1971 வரை நீங்கவில்லை. 1920 நவம்பர் 21ஆந் தேதி டப்ளின் குரோக் பார்க்கிலே ஆட்டம் நடக்கையிற் பிரித்தானியப் படையினர் சுட்டுப் பதினால்வர் இறந்தனர். அதன்பின் அந்நாட்டார் பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கி அரசியலைப் பேசாது முடித்தல் எங்ஙனம் கூடும்? இவற்றோடு ஒப்பிடுங்கால் கொம்புமுறிக்கு உரிய தனித்தன்மை புலனாகும். அரசனை நோக்கிக் கூவியவர் நீலரும் பச்சையரும். அயலானை நோக்கிக் கூவியவர் அயர்லாந்தினர். வடசேரியும் தென்சேரியும் கூவியதோ வேலிக்கு அப்பாலுள்ள தம் உறவினரை நோக்கியே.

புதிய ஆட்டங்கள் பள்ளிக்கூட வாயிலாக வந்தன. வில்லியம் ஓல்ற் பாதிரியார் 1814இலே தொடங்கிய மெதடிஸ்தப் பாடசாலை, 1873இலே தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி, கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகள் 1929இலே நிறுவிய சிவானந்த வித்தியாலயம் ஆகியவற்றின் மைதானங்களிலே புதிய சேரிகள் பிறந்தன. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தைப் பரப்பினர். அவருள் ஒருவரான வெபர் அடிகளின் பெயரை நகரத்து விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கின்றது. தந்தையின் சேரி மகனுக்கு என்றிருந்தது, தந்தை கற்ற கல்லூரி மகனுக்கு என மாறிற்று. ஆனாற் பெண்டிரும் ஏழை உழவரும் இப்பேச்சிலே பண்டுபோற் பங்குகொண்டிலர். கொம்பிலே சேரி பிறப்பால் வருவது, படிப்பால் வருவதன்று. பள்ளிக்குச் செல்லாதவனுக்குப் பள்ளிப்பந்தயத்திலே ஏது சேரி?

1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே கூட்டங் கூடுதலே அச்சத்துக்குரியதாயிற்று. அந்நாளிலும் விளையாட்டுப் பேச்சு ஒழிந்ததில்லை. 1995 திசம்பரில் மெல்பேணிலே முத்தையா முரளிதரனின் பந்துவீச்சைப் பிழையென நடுவர் விலக்கியதும், 1996 சனவரி 31இற் கொழும்பிலே மத்திய வங்கி குண்டுக்கு இரையானதும், அதன்பின் அவுஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கொழும்புக்கு வர மறுத்ததும், மார்ச்சு 17இல் லாகூரிலே இலங்கை கிண்ணத்தை வென்றதும் நான்கு திங்களுக்குள் நிகழ்ந்தன. வானொலியருகே இருந்த தமிழன் எவர் பக்கம் கைதட்டினான் என்னும் வினாவுக்கு ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு விடை வேறு. அதனை உரத்துக் கூறுதற்குரிய மன்றமும் அன்றில்லை. சொன்ன சொல்லைத் தணிக்கக் குளிர்த்தியும் இல்லை.

போர் ஓய்ந்தபின் மட்டக்களப்பிலே கொம்புமுறி விழாக்காட்சியாக மீண்டும் நிகழ்த்தப்பெற்றது. கொம்பு உண்மையாகவே முறிகின்றது, மக்களும் மகிழ்கின்றனர். ஆயின் இழுப்போர் அன்று காலையிலே இருபிரிவாக வகுக்கப்பட்டவராயின், அவர்களுக்கு வைதற்கும் வையப்படுதற்கும் எதுவும் இராது. பழைய சேரிப்பிரிவை நினைவிற்கொண்ட முதியோர் சிலர் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்னும் உளர். தம் பாட்டன் எச்சேரி என்று வினாவினால் உடனே விடை கூறுவர்; எதிர்ச்சேரியார் பாடிய வசையைக் கேட்டால், முதலிலே சிரித்துப் பின்பு பிள்ளைகள் அருகில் இருக்கின்றனரா என்று பார்த்துக்கொள்வர்.