பழைய ரேஞ்ச் ரோவர்: விலை குறைந்தது, செலவு குறையவில்லை



கட்டாரில் பல வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எமது பழைய மாணவர் ஒருவர் கடந்த வாரம் வீட்டுக்கு வந்தார். போனில் ஒரு பாவித்த ரேஞ்ச் ரோவரின் படத்தைக் காட்டி, "சேர், இது புதுசா இருந்தா கிட்டப் போகவும் ஏலா. இப்ப ஒரு ஜப்பான் கார்ட விலைக்கு வருது. எடுக்கட்டா?" என்று கேட்டார்.

எடு என்றோ வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. அந்த வாகனத்தின் வரலாற்றைச் சொன்னோம். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கும் எழுதுகிறோம்.

1948 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் கம்பனி தனது முதலாவது லேண்ட் ரோவரை அறிமுகப்படுத்தியது. அது விவசாயிகளுக்கான வண்டி. யுத்தம் முடிந்து உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் என்பதால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். கழற்றிப் பூட்டுவது இலகு. சாதாரண ஸ்பேனர் செட் இருந்தால் பாதையோரத்திலேயே திருத்தலாம்.

1970 இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. பொறியியலாளர் ஸ்பென்சர் கிங்கின் குழு அதனை உருவாக்கியது. தோட்டத்துக்கும் போகவேண்டும், நகரத்துக்கும் போகவேண்டும் என்பதே நோக்கம். இரண்டு கதவுகள், கொயில் ஸ்பிரிங், 3.5 லீற்றர் வீ8 எஞ்சின். உள்ளே சேறு பட்டால் தண்ணீர் குழாயைப் பிடித்துக் கழுவலாம். அந்த எஞ்சினின் மூலவடிவம் அமெரிக்காவின் பியூக் நிறுவனத்துடையது. ஜெனரல் மோட்டர்ஸிடமிருந்து ரோவர் அதன் உரிமையை வாங்கியிருந்தது.

பணக்காரர்கள் அதனை விரும்பத் தொடங்கியதும் வண்டியின் குணம் மாறியது. 1981 இல் நான்கு கதவுகள், அடுத்து ஓட்டோ கியர், லெதர் ஆசனம். 1992 இல் கொயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளில் நிற்கும் எயார் சஸ்பென்ஷன் வந்தது. இன்று பழைய ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்களின் முதல் தலையிடி இதுதான்.

காற்றுப் பை என்பது இறப்பர். வயது போனால் வெடிக்கும், மெல்லக் காற்றுக் கசியும். இழந்த காற்றை நிரப்ப கொம்பிரஸர் ஓயாமல் வேலை செய்து, கடைசியில் எரிந்துபோகும். கசிவைப் பார்க்காமல் கொம்பிரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். சிறிய செலவொன்று பெரிய செலவாவது இப்படித்தான்.

1994 இல் ரோவரை பி.எம்.டபிள்யூ. வாங்கியது. அதே ஆண்டில் இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. 3.5 லீற்றராக இருந்த அந்தப் பழைய அலுமினிய எஞ்சினை 4.6 லீற்றர் வரை பெருப்பித்தார்கள். சிலிண்டர்களைச் சுற்றியிருந்த உலோகம் மெலிந்தது. அதிகம் சூடேறினால் லைனர் அசையும், அதன் பின்னால் புளொக் வெடிக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போகும். கதவு, லைட், அலாரம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியும் இந்தத் தலைமுறையில் தொல்லை கொடுத்தது.

2000 ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் போர்ட் கம்பனியின் கைக்கு மாறியது. மூன்றாம் தலைமுறையின் ஆரம்ப வண்டிகளில் பி.எம்.டபிள்யூ. எஞ்சினும், பின்னர் வந்தவற்றில் ஜகுவார் எஞ்சினும் இருந்தன. பி.எம்.டபிள்யூ. வீ8 எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகங்கள் காலப்போக்கில் நொறுங்கும். பாகம் சிறியது, ஆனால் அதை மாற்ற எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் கழற்றவேண்டும். 2008 இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் வாங்கியது. அதாவது ஒரே பெயர்ப்பலகையின் கீழ் பல கம்பனிகளின் பாகங்கள். "ரேஞ்ச் ரோவர் பார்ட்ஸ்" என்று பொதுவாகக் கேட்டு வாங்க முடியாது. எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்பது தெரியவேண்டும்.

இனி எமது நாட்டுக் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறின. 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஆயிரம் டொலர் பெறுமதியான ஒரு பாகம் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமானது. வண்டிக்கு எத்தனை வயதானால் என்ன, பாகத்தின் விலை டொலரில்தான்.

நாம் அந்தத் தம்பியிடம் சொன்னது இதுதான். வயது போகப் போக வண்டியின் விலை இறங்கும். ஆனால் திருத்தும் செலவு, அது புதிதாக இருந்தபோது எந்த வர்க்கத்து வாகனமாக இருந்ததோ அந்த வர்க்கத்திலேயே நிற்கும். ஜப்பான் கார் விலைக்கு வாங்கலாம், ஜப்பான் கார் செலவில் ஓட்ட முடியாது.

எடுப்பதாகவே இருந்தால், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னர் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி ஒரு பக்கம் குந்தியிருந்தால் காற்றுக் கசிகிறது. தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, நீண்ட தூரம் ஓட்டி, ஆறிய பின் மறுபடி பாருங்கள். இதே வண்டியில் வேலை செய்த பாஸ் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். திருத்திய பில்களைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி வாங்கிய பின்னும் கையில் ஒரு தொகை மிஞ்சவேண்டும். இருப்பதெல்லாம் கொடுத்து வாங்கினால், முதல் பழுதோடு அது வாசலில் நிற்கும், லீசிங் மட்டும் நிற்காது.

வாகனம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை இருந்தால் சொல்லி விற்போம். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்குபவர் கொண்டுவருவது, பாலைவன வெயிலில் பிள்ளைகளைப் பிரிந்திருந்து சேர்த்த காசு.

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. நாளை காலை நேரத்தோடு வண்டியைப் பார்க்கப் போகிறார். எம்மையும் கூப்பிட்டிருக்கிறார்.