பழவேற்காட்டின் அடிமைக் கப்பல்கள்: பசி எழுதிய விற்பனைச் சீட்டு

பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்துள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே 17-ஆம் நூற்றாண்டு வணிகர்கள், அதிகாரிகள், அவர்தம் குடும்பத்தினரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாக்கிறது. அவர்கள் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய மக்களுக்கோ, நாமறிந்தவரை, இங்கு ஒரு நினைவுக்கல்லும் இல்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இதுவே. இங்கு நடந்த துணி வணிகத்தை நாம் படித்திருக்கிறோம். மனித வணிகத்தை அரிதாகவே படித்திருக்கிறோம்.

1621-இல் ஜாதிக்காய்க்காக இந்தோனேசியாவின் பண்டா தீவுகளைக் கைப்பற்றிய கம்பெனி, அத்தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் நாடுகடத்தியும் அழித்தது. அத்தோட்டங்களுக்கும், இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கும் உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், 1618 முதல் 1620 வரை, நம் கரையைப் பஞ்சம் வாட்டியிருந்தது. 1622-23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து 1,900 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். கையில் பணமிருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருந்தினர். 1659-61-இல் தஞ்சை நாயக்கர் நாட்டில் போரும் பஞ்சமும் சேர்ந்தபோது 8,000 முதல் 10,000 பேர் வரை இக்கரையிலிருந்து அனுப்பப்பட்டனர். பெரும்பகுதியினர் இலங்கைக்குச் சென்றனர்.

இவர்களுள் பலரை எவரும் சங்கிலியிட்டுப் பிடிக்கவில்லை. பசி தாளாமல் தம்மையே விற்றனர். பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். நிலவுடைமையிலிருந்து சாதியால் விலக்கப்பட்டு, பண்ணையடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தோரிடம் பஞ்சத்தைத் தாங்கத் தானியக் குதிர் ஏது?

'அவர்களே விரும்பி விற்றுக்கொண்டார்கள்' என்ற வாதத்துக்கு நம் சட்டம் விடை கூறியுள்ளது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் தொடர்பான 1982-ஆம் ஆண்டு வழக்கில், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் 'கட்டாயமே' என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் முடங்கிக் கிடப்போரை, 'சம்மதித்துத்தானே வந்தார்கள்' என்று கூறி இன்று எவரேனும் கைவிட முயன்றால், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தோடு இத்தீர்ப்பையும் நாம் முன்வைக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், இங்கிருந்து விற்கப்பட்டோர் குறித்த அறிவிப்புப் பலகை ஒன்றைத் தொல்லியல் துறை நிறுவ வேண்டும். பெயர்கள் கிட்டாமற்போகலாம், ஆண்டும் எண்ணிக்கையும் ஆவணத்தில் இருக்கின்றன. அவற்றையேனும் கல்லில் எழுதக் கோருவோம்.