முப்பது ரூபாய் குமாஸ்தாவும் பேத்தியின் லிங்க்ட்இன் கணக்கும்



போன வாரம் கீழ் கோத்தகிரியில் விடாத மழை. கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் எல்லோரையும் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்களாம். போட்டோவும் படிப்பும் போட்டதோடு நிறுத்திவிட்டாள். ஏனம்மா என்றேன்.

"நமக்கு யாரைத் தாத்தா தெரியும்? மத்தவங்களுக்கு அப்பா, மாமான்னு யாராவது கம்பெனியில இருக்காங்க. நமக்கு இலை எடுக்கிற ஃபேக்டரிக்காரரைத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. தபால் துறையில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் நான். தபாலை வைத்தே ஒரு கதை சொன்னேன். கதை என்ன, நடந்த சரித்திரம்தான்.

கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், அவர் உடனே கூப்பிட்டுக்கொண்டார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னார்கள். அது கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

வி. ராமஸ்வாமி ஐயர் என்று ஒரு டெபுடி கலெக்டர். கணிதப் பித்து. ஆனால் அவர் இருந்த ஊரிலெல்லாம் புதுக் கணிதப் புத்தகம் கிடைக்காது, பேச ஆளும் கிடையாது. 1906 டிசம்பரில், தன்னைப் போன்ற ஆட்களுக்கு ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். 1907-ல் சங்கம் பிறந்தது. அதுதான் இன்றைய இந்தியக் கணிதக் கழகம். வெளிநாட்டு இதழ்களைச் சந்தா கட்டி வாங்கி, புனே பெர்குசன் கல்லூரியில் வைத்து, உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். இன்றைய பிள்ளைகள் போனில் செய்வதை அன்று தபால்காரர் பையில் செய்திருக்கிறார்கள். (எங்கள் துறைக்கு ஒரு பெருமை சேர்த்துக்கொள்கிறேன், பொறுத்தருள்க.)

1910-ல் திருக்கோவிலூரில் இருந்த இந்த ஐயரைத் தேடித்தான் ராமானுஜன் போனார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கையில் நோட்டுப் புத்தகம். கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர், இந்த மனிதனைக் குமாஸ்தா நாற்காலியில் புதைக்க மனமில்லாமல், சென்னையில் உள்ளவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே சேஷு ஐயர், பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1911-ல் கழகத்தின் இதழிலேயே முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் அதே கழகத்துக்காரர்! அவருக்கும் மேலே இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரை விஷயம் போயிற்று.

இங்கிலாந்துக்கு எழுதியதும் ஒரே மூச்சில் பலிக்கவில்லை. லண்டன் பேராசிரியர் ஹில், ஆள் கெட்டிக்காரர், ஆனால் முறையான பயிற்சி போதாது என்ற தொனியில் பதில் போட்டார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் இருவரிடமும் உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம்தான் ஹார்டிக்கு. தாம் துறைமுகக் கணக்கு ஆபீசில் வருஷம் 20 பவுன் சம்பளக் குமாஸ்தா என்று ஒளிக்காமல் எழுதி, பக்கம் பக்கமாகத் தம் தேற்றங்களை இணைத்திருந்தார். உதவி வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல்.

இதில் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை, கவனித்தீர்களா? 1973-ல் அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதைத்தான் எழுதினார்: வேலைச் செய்தி நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியுமே! லிங்க்ட்இன் 2003-ல்தான் வந்தது. அதில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்விலும், லேசான பழக்கமே கூடுதலாக வேலைக்கு உதவியது தெரிந்தது.

எனக்கும் ஒரு கடிதம் இருந்தது. பி.யூ.சி. முடித்தபோது என் வாத்தியார் வெளியூரில் ஒரு பெரியவரின் விலாசம் கொடுத்து எழுதச் சொன்னார். இன்லாண்டு வாங்கினேன். 'நம்மை யாருக்குத் தெரியும்' என்று கூச்சப்பட்டு எழுதாமலே வைத்துவிட்டேன். பேத்தி சொன்னது சுருக்கென்றதற்குக் காரணம் இதுதான்.

அதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு போனை எடுத்து, தன் கல்லூரியில் நாலு வருஷம் முன்னால் படித்த ஒரு அக்காவின் பக்கத்தைக் காட்டினாள். "இவங்க கோத்தகிரி ஸ்கூல்ல படிச்சவங்க தாத்தா. பேசினதே இல்ல. என்ன எழுதட்டும்?"

வேலை கேட்காதே, நீ செய்த புராஜெக்டை அனுப்பி, அதில் ஒரு சந்தேகம் கேள் என்றேன். தமிழில் எழுதி, இங்கிலீஷில் மாற்றி, மூன்று தடவை அடித்துத் திருத்தினாள். அனுப்பப் போகும்போது சிக்னல் போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேல் ரோட்டுக்கு ஏறினோம்.