ஹைட்ராக்சிகுளோரோகுயின் முற்காப்பு (இந்தியா)

ஹைட்ராக்சிகுளோரோகுயின் முற்காப்பு என்பது, கோவிட்-19 தொற்றாமலிருக்க இந்திய மருத்துவப் பணியாளர்களுக்கு 2020ஆம் ஆண்டில் மலேரியா மருந்தொன்றை முன்கூட்டியே வழங்கிய நடைமுறையாகும். இம்மருந்து முடக்குவாதம், லூபசு ஆகிய நோய்களுக்கும் தரப்படுகிறது.

பரிந்துரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மார்ச்சில் இதைப் பரிந்துரைத்தது. கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும், நோய் அறிகுறியற்ற பணியாளர்கள் முதல் நாள் இருவேளை 400 மில்லிகிராமும், பின்னர் ஏழு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை 400 மில்லிகிராமும் உட்கொள்ள வேண்டும் என்றது. ஆய்வகத்தில் இம்மருந்து தீநுண்மியின் பெருக்கத்தைத் தடுத்தமை இதற்கு ஒரு காரணமாகும். விழித்திரை நோயுள்ளோருக்கு இது விலக்கப்பட்டது. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும் என்பதும் இம்மருந்தின் பக்கவிளைவுகளுள் ஒன்று.

சோதனை முடிவுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,483 மருத்துவப் பணியாளர்கள் பங்கேற்ற சோதனையில், ஒரு பகுதியினர் இம்மருந்தையும் ஏனையோர் மருந்தற்ற போலி மாத்திரையையும் 12 வாரங்கள் உட்கொண்டனர். தொற்று ஏற்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2021 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு, முற்காப்புக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என உறுதியாக அறிவுறுத்தியது. அதற்குள், 2021 சனவரி 16 அன்று இந்தியாவில் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டிருந்தது.

திருவள்ளூர்ச் சோதனை

தடுப்பு மருந்தின் பயனை மக்களிடையே சோதித்தே அறிய இயலும் என்பதற்குத் தமிழகத்தில் முந்தைய சான்றும் உண்டு. நாடெங்கும் ஏற்கெனவே போடப்பட்டு வந்த பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி குறித்த பெரிய சோதனை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என 1979இல் வெளியான முடிவுகள் காட்டின.