தட்டைத்திரையில் எழுத்துத் தெளிவு

தட்டைத்திரையில் எழுத்துத் தெளிவு என்பது எல்சிடி, ஓஎல்ஈடி வகைக் கணினித் திரைகளில் எழுத்துகள் விளிம்பு மங்காமல், நிறம் பிசிறாமல், கண்ணை உறுத்தாமல் தெரிவதைக் குறிக்கும். திரையின் பிக்சல் அடர்த்தி, கணினி அனுப்பும் படத்தின் அளவு, இணைப்பு வடம், எழுத்துருவின் அமைப்பு, இயங்குதளம் எழுத்தை வரையும் முறை ஆகிய ஐந்தும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று பிசகினாலும் விலையுயர்ந்த திரையில்கூட எழுத்து மங்கும். ஐந்தும் சரியாக அமைந்தால் சாதாரணத் திரையிலும் நெடுநேரம் சிரமமின்றிப் படிக்கலாம்.

இயல்புப் பிரிதிறன்

பழைய படக்குழாய்த் திரைகள் பல அளவுப் படங்களையும் ஏறத்தாழ ஒரே தரத்தில் காட்டின. தட்டைத்திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே நிலையாகிவிடுகிறது. 1920×1080 திரையில் கிடைவாட்டில் 1920 பிக்சல்களும் நெடுவாட்டில் 1080 பிக்சல்களும் உண்டு. இதுவே அத்திரையின் இயல்புப் பிரிதிறன்.

அத்திரைக்கு 1280×720 அளவுப் படத்தை அனுப்பினால், ஒவ்வொரு பிக்சலையும் ஒன்றரை மடங்காக விரிக்க வேண்டிவரும். அரைப் பிக்சல் என்று எதுவும் திரையில் இல்லை. அதனால் ஒரு பிக்சல் அகலமுள்ள கறுப்புக் கோடு, ஒரு கறுப்புப் பிக்சலாகவும் அதையொட்டிய ஒரு சாம்பல் பிக்சலாகவும் மாறிவிடும். எழுத்து மங்கலுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று பிரிதிறனைக் குறைப்பவர்கள் தெளிவை இழக்கிறார்கள். பிரிதிறனை அப்படியே விட்டுவிட்டு, இயங்குதளத்தின் அளவு அமைப்பை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே முறை.

24 அங்குல 1920×1080 திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்கள் அமைகின்றன. ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். 27 அங்குல 3840×2160 திரையில் அடர்த்தி சுமார் 163 ஆகிறது. லேசர் அச்சுப்பொறி அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடுவது சாதாரணம். அச்சுக்கும் திரைக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை நிரப்பவே கீழ்க்காணும் நுட்பங்கள் உருவாயின.

துணைப் பிக்சல் முறை

பெரும்பாலான எல்சிடி திரைகளில் ஒரு பிக்சல் என்பது பக்கம் பக்கமாக நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் மூன்று சேர்ந்தது. இவற்றைத் தனித்தனியாக இயக்கினால், எழுத்தின் செங்குத்து விளிம்பை முழுப் பிக்சல் எல்லையில் மட்டுமின்றி மூன்றில் ஒரு பங்கிலும் நிறுத்தலாம். இதனால் கிடைவாட்டுப் பிரிதிறன் கூடியதுபோன்ற பயன் கிடைக்கிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை நுணுக்கமாக உணரும். நிற வேறுபாட்டை அந்த அளவுக்கு உணராது. அதனால் பட்டைகளைத் தனித்தனியாக இயக்குவதால் வரும் நிறப் பிசிறு பெரிதாகத் தெரிவதில்லை. விளிம்பில் எஞ்சும் நிறப் பிசிறை வடிகட்டி மேலும் தணிக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இம்முறையைக் கிளியர்டைப் என்ற பெயரில் 1998 நவம்பரில் அறிவித்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது இருந்தும் இயல்பாக இயங்கவில்லை. பயனர்தான் இயக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் விஸ்டாவில்தான் இயல்பமைப்பானது. லினக்ஸில் ஃப்ரீடைப் என்ற கட்டற்ற நிரல்தொகுதி இப்பணியைச் செய்கிறது.

பட்டைகளின் வரிசை மாறினால் பயன் தலைகீழாகும். சில திரைகளில் நீலம் முதலில் நிற்கும். திரையை நெடுக்காகத் திருப்பி வைத்தால் பட்டைகள் படுத்துவிடும். சில ஓஎல்ஈடி திரைகளில் மூன்று நிறங்களும் முக்கோணமாக அமைந்திருக்கும். அத்தகைய இடங்களில் எழுத்தோரம் நிறக்கோடு தெரிந்தால், சாம்பல் நிற மென்மையாக்கத்துக்கு மாறுவது நல்லது. ஆப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் மொஹாவியில் துணைப் பிக்சல் முறையை இயல்பமைப்பிலிருந்து நீக்கியது. பிக்சல் அடர்ந்த திரைகளில் அந்த இழப்பு தெரியவில்லை. அடர்த்தி குறைந்த வெளித்திரைகளில் எழுத்து வெளிறித் தெரிந்தது.

எழுத்துரு நெறிப்பாடு

எழுத்துரு என்பது வளைகோடுகளின் கணித வடிவம். அதைப் பிக்சலில் வரைவது, கட்டம் போட்ட தாளில் கட்டங்களை மட்டும் நிரப்பி வட்டம் வரைவதற்கு ஒப்பானது. எந்தக் கோடு எந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டும் என்ற கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே வைக்கும் ட்ரூடைப் முறையை ஆப்பிள் நிறுவனம் 1991இல் கொண்டுவந்தது. விண்டோஸ் இக்கட்டளைகளுக்கு முதன்மை தந்து கூர்மையைப் பேணிற்று. மேக், வடிவமைப்பாளர் வரைந்த வடிவத்தைக் காப்பதற்கு முதன்மை தந்தது. ஒரே எழுத்துரு இரண்டிலும் வேறுபட்டுத் தெரிவதற்கு இதுவே காரணம்.

தமிழ் எழுத்துகள்

எழுத்தைப் பிக்சல் கட்டத்துக்குள் அடக்கும் சிக்கல் தமிழுக்குக் கூடுதலானது. 9 புள்ளி அளவு எழுத்து, வழக்கமான 96 அடர்த்திக் கணக்கில், 12 பிக்சல் உயரத்துக்குள் அடங்க வேண்டும். மேலே புள்ளிக்கும் இகரச் சுழிக்கும், கீழே உகரக் குறிக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது சில பிக்சல்களே. ஒரு சுழி தெரிய, இரு கோடுகளும் நடுவில் ஒரு வெற்றிடமும் வேண்டும். மூன்றுசுழி ண-வில் அந்த வெற்றிடங்கள் அடைபட்டால் இரண்டுசுழி ன-விலிருந்து பிரித்தறிய முடியாது, மணம் மனமாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டிவிட்டால் உயிர்மெய்யாகத் தோன்றும். எனவே தமிழ் உரையை ஆங்கில உரையைவிடச் சற்றுப் பெரிய அளவில் வைப்பது அவசியம். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8இல் நிர்மலா யூஐ எழுத்துருவும் தமிழுக்காக இடம்பெற்றன.

இணைப்பு வடம்

1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ இணைப்பு அலைவடிவச் சமிக்ஞையைக் கடத்துகிறது. திரை அதை மீண்டும் பிக்சல்களாக வெட்டும்போது நேரக்கணக்கு சற்று விலகினால் எழுத்துகள் நடுங்கும், நிழலடிக்கும். திரையின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் ஓரளவு சரியாகும். டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய எண்முறை இணைப்புகளில் இச்சிக்கல் இல்லை.

தொலைக்காட்சியைக் கணினித் திரையாக்கும்போது இரண்டு தடைகள் வரும். ஒன்று, படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன். மற்றது, நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் 4:2:0 முறை. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து இதில் கரைந்து தெரியும். தொலைக்காட்சியின் பிசி நிலையைத் தேர்ந்தால் பெரும்பாலும் இரண்டும் நீங்கும்.

சரிசெய்யும் வரிசை

முதலில் இயல்புப் பிரிதிறனை அமைக்க வேண்டும். அடுத்து, இயன்றால் விஜிஏ வடத்தை எண்முறை வடமாக மாற்ற வேண்டும். திரையின் ஷார்ப்னெஸ் அளவை மிகையாக்கினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் படரும். அதை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் ட்யூனரைத் திறந்து, காட்டப்படும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு செயலி மட்டும் மங்கினால், அது பெரிதாக்கிய அளவுக்கு ஏற்ப எழுதப்படாத பழைய செயலியாக இருக்கக்கூடும். அதன் புதிய பதிப்பை நிறுவ வேண்டும்.

இந்த மாற்றங்களில் பெரும்பாலும் வடம் ஒன்றுக்கே செலவு உண்டு. புதிய திரை வாங்க எண்ணுமுன் இவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.