உண்ட சோறு யாருடையது?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தல் ஆகாது என்பது தமிழர் அறம். அவ்வறத்தையே உரைத்துப் பார்க்கத் தூண்டுவது அயர்லாந்துக் குமாஸ்தா ஒருவரின் வரலாறு.

ஈமன் பிராய் 1887ஆம் ஆண்டு கில்டேர் மாவட்டத்தில் பிறந்தார். 1911இல் டப்ளின் காவல்துறையில் சேர்ந்து, பின்னர் அரசியல் ஒற்றர் பிரிவின் எழுத்தரானார். விடுதலை வீரர்களைப் பற்றிய அறிக்கைகளைத் தட்டச்சிடுங்கால் கூடுதலாக ஒரு கார்பன் தாளைச் செருகுவார். அப்படி மைக்கேல் காலின்சுக்குச் செல்லும். 1919 ஏப்ரலில் ஓரிரவு காலின்சையே ஆவண அறைக்குள் அழைத்துச் சென்றார். 1921இல் சிறைப்பட்டார், போர்நிறுத்தத்தின்பின் விடுதலை பெற்றார்.

1933இல் தன்னாட்சி அயர்லாந்தின் காவல்துறைத் தலைவரானார். மறு ஆண்டு, வரி கட்டாத உழவரின் பறிமுதலான கால்நடைகளைக் கார்க் நகரில் ஏலமிட்டபொழுது எதிர்ப்பாளர்மீது அவருடைய காவலர் சுட்டனர். 15 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். 1938இல் ஓய்வுபெற்ற பிராய் 1972இல் மறைந்தார்.

அன்பர்களே! 1919இல் அவர் செய்தது இரண்டகம் அன்று என்பேன். அன்னிய அரசு அளித்த சோறும் அயர்லாந்து மக்களின் வரிப்பணமே. ஆயின் 1934இல் அவர் துறை உண்டதும் அதே மக்களின் சோறுதான். ஆட்சி மாறலாம், சோறிட்டவர் மாறுவதில்லை.